கேட்டுக்கொண்டே போனவள்

பாளையங்கோட்டை

பாளையங்கோட்டையிலிருந்து செங்கோட்டைக்கு 60 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து மலையைத் தாண்டிக் கொல்லத்துக்கு இன்னும் 90 சொச்சம். என் ஆச்சியின் 94 வருஷ வாழ்க்கை ஏறக்குறைய முழுசாக இந்த ஒரே தடத்தில் அடங்கிவிடும். பிறந்தது செங்கோட்டை, வாக்கப்பட்டு வந்தது பாளையங்கோட்டை, முதன்முதலாகக் கடலைப் பார்த்தது கொல்லத்தில். காசிக்குக் கூட்டிப்போவதாகத் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், போகவில்லை.

முதல் வருஷத் திவசம் முடிந்து, குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது என்று சேதி வந்த ஆனி மாதத்தில் சித்தியும் நானும் கிளம்பினோம். ஆச்சி மேற்கிலிருந்து கிழக்கே வந்தவள். நாங்கள் கிழக்கிலிருந்து மேற்கே, அவள் வாழ்க்கையைப் பின்னாலிருந்து படிப்பதுபோலப் போனோம்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனது ஏழாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் ஆட்களிடம். எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்துத் தெருவைக் கேட்பார்கள். தெரு தெரிந்துவிட்டால் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை, ஆள் யாரென்று விளங்கிவிடும். ஆச்சிக்கு அந்த வரிசை பிடிபடவே இல்லை. கம்பத்தில் ஏறிய லைன்மேன் இறங்கி வந்தால் மோரைக் கொடுத்துவிட்டு, "அந்த வெள்ளைப் பீங்கான் எதுக்குய்யா?" என்று ஆரம்பிப்பாள். சிலிண்டர் போடுகிறவர், பூ கட்டுகிறவள், ஊசி போட வந்த நர்ஸ் என்று ஒருத்தரும் தப்பியதில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வி: இந்த வேலையை எப்படிச் செய்கிறாய்?

சென்னையில் நான் இருக்கும் அடுக்குமாடியில் லிப்ட் பழுதுபார்க்க ஒருவர் மாதாமாதம் வருகிறார். அவர் வந்தால் நாங்கள் படியில் இறங்கிப் போய்விடுகிறோம். ஆச்சியாக இருந்தால் அவரை உட்காரவைத்து, கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்காமல் விட்டிருக்க மாட்டாள்.

பீரோவில் அவளுடைய பழைய கணக்கு நோட்டுகள் கட்டாக இருந்தன. பால் கணக்கு, வண்ணான் கணக்குக்குப் பக்கத்தில் தினமும் ஓர் எண். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு சித்திதான் கண்டுபிடித்தாள். அது பாபநாசம் அணையின் நீர்மட்டம்; பேப்பரில் வருவதைப் பார்த்து எழுதி வந்திருக்கிறாள். எங்களுக்கு ஒரு செண்டு வயல்கூடக் கிடையாது. நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் ‘கேட்க வேண்டியது’ என்று தலைப்புப் போட்டுக் கேள்விகள் எழுதியிருந்தாள். பதில் கிடைத்ததை அடித்திருந்தாள். அடிக்காமல் கிடந்தவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று மட்டும் நோட்டுக்கு நோட்டு இடம் மாறி வந்துகொண்டே இருந்தது: ‘மலையை ரெண்டு பக்கமும் இருந்து குடைந்தால் நடுவில் எப்படிச் சேரும்?’

பத்தமடை

மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் தாண்டினால் பத்தமடை. ரோட்டின் இரண்டு பக்கமும் கார் சாகுபடிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். தாமிரபரணிப் பக்கத்தில் இரண்டு பருவம்: ஆனியில் தொடங்கும் கார், ஐப்பசி வாக்கில் தொடங்கும் பிசானம். சித்தி வண்டியில் போகும்போதே வயலைப் பார்த்து இது முதல் நடவா, பாடு எப்படி என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஆச்சி வளர்த்த பிள்ளை.

எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் பத்தமடைப் பாய்க்கு ஆச்சி நேரில் வந்து சொல்லிவிட்டுப் போவாள். மாப்பிள்ளை பெண் பேரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். நாங்கள் தேடிப் போன வீட்டில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா தறியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆற்றோரக் கோரையை அறுத்துக் காயவைத்து, கீறி, கட்டுக்கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்த இழைகள் பக்கத்தில் கிடந்தன. பாவு நூல், ஊடு கோரை. சாதாரணப் பாய்க்குக் கோரையை இரண்டாகக் கீறினால் போதும். பட்டுப் பாய்க்கு நூல் கனத்துக்கு வரும்வரை கீறவேண்டும். அந்த அம்மா இடதுகைக் கட்டைவிரல் நகத்தில் ஓர் இழையை வைத்து வலதுகைக் கத்தியால் நுனியை மட்டும் தொட்டார். மீதி தானாகப் பிளந்துகொண்டு போனது. ஈரத்துணியால் ஒரு தடவல், ஓர் இழை, அச்சை ஒரு தட்டு. மறுபடி தடவல். ஒரு பட்டுப் பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். முடிந்தால் துணியைப்போல மடித்துக்கொள்ளலாம்.

"பாளையங்கோட்டை வாத்தியார் வீட்டு ஆச்சியா? ஞாபகம் இல்லாம இருக்குமா? எங்க உம்மா காலத்துலயே வருவாகல்லா."

அவர் சொன்ன கதை எங்களுக்குப் புதிது. முதல் தடவை வந்த ஆச்சி வாசலிலேயே நின்று அளவைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். எங்களுடையது சைவ வீடு. துலுக்க வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்டவள். அடுத்த கல்யாணத்துக்கு வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்து தறியைப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்து அச்சு சரியாகத் தெரியவில்லை என்று உள்ளே வந்து, தறிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு ஒரு மத்தியானம் முழுக்கக் கேள்வி கேட்டிருக்கிறாள். சித்திரை வெயில். "உம்மா யோசிச்சுக்கிட்டே ஒரு செம்புத் தண்ணியைக் கொண்டாந்து வச்சாக. ஒங்க ஆச்சி பேச்சை நிறுத்தாம எடுத்துக் குடிச்சுட்டு, அந்தச் சாயம் எதுல எடுக்கிய, சப்பங்கட்டையிலயான்னு கேட்டாக. அவ்வளவுதான்."

வீட்டில் இதைப் பற்றி ஆச்சி மூச்சு விட்டதில்லை. பெரிதாக ஒன்று செய்துவிட்டதாக அவள் நினைத்திருக்கவும் மாட்டாள். அவளுக்குச் சாயத்தைப் பற்றித் தெரியவேண்டியிருந்தது. இடையில் தாகம் எடுத்தது.

எங்களுக்கும் தண்ணீர் வந்தது, பிறகு டீ வந்தது. சித்தி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

பாபநாசம்

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. கல்லிடையில் அப்பளம் வாங்காமல் போனால் ஆச்சிக்குப் பொறுக்காது என்று சித்தி இரண்டு கட்டு வாங்கிக்கொண்டாள். அம்பாசமுத்திரம் தாண்டியதும் பொதிகை மலை முழுசாக எதிரே வந்து நிற்கிறது. சென்னையில் நான் தினமும் பார்க்கும் தூரம் அதிகபட்சம் அடுத்த சிக்னல். இங்கே கண் அவ்வளவு தூரம் போய், ஒரு நீலச் சுவரில் முட்டித்தான் திரும்பியது.

பாபநாசத்தில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்டபடி சித்தி ஒரு கதை சொன்னாள். ஆச்சி கல்யாணமாகி வந்தது 1945. அதற்கு முந்தின வருஷம்தான் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்திருந்தது. கொஞ்ச வருஷத்தில் வீட்டுக்கும் விளக்கு வந்தது. கரண்டு எங்கிருந்து வருகிறது என்று தாத்தாவைக் கேட்டிருக்கிறாள். பாபநாசத்திலிருந்து என்றார். போய்ப் பார்க்கலாமா என்றாள். தாத்தா சிரித்திருக்கிறார். தாத்தா பள்ளிக்கூடம் போயிருந்த ஒருநாள், பக்கத்து வீட்டு அக்காள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கைக்குழந்தையான என் அம்மாவையும் தூக்கிக்கொண்டு ஆச்சி பஸ் ஏறிவிட்டாள்.

மின் நிலையத்துக்குள் விடவில்லை. ஆனால் உள்ளே இருந்து வந்த ஊழியர் ஒருவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி விளக்கியிருக்கிறார். மேலே அணை, குழாயில் தண்ணீர் இறங்குகிறது, சக்கரம் சுற்றுகிறது, கரண்டு வருகிறது. ஆச்சி கேட்டாளாம், "சுத்தின தண்ணி அப்புறம் என்ன ஆகும்?" ஆற்றில் போய்விடும் அம்மா என்றார் அவர். "அப்போ வெளிச்சத்தைக் கொடுத்துட்டுத்தான் வயலுக்குப் போகுதா?"

அன்றைக்கு வீட்டில் நல்ல சண்டை. ஆச்சி திட்டு வாங்கிக்கொண்டே ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொதி வைத்தாளாம், தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலோடு. சொதியைப் பார்த்ததும் தாத்தாவுக்குச் சுருதி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு தொடங்கியதுதான் அணைக் கணக்கு. நிரம்பினால் 143 அடி. தன் வீட்டு விளக்கும் ஊரின் நெல்லும் ஒரே எண்ணில் இருப்பதாக அவளுக்குப் பட்டிருக்கவேண்டும்.

தென்காசிக்குத் திரும்பும் வழியில் கடையம். பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியிலிருந்து வந்தபின் பாரதியாரும் இங்கே கொஞ்ச காலம் இருந்தார். ஊரே பாரதியைப் பற்றிப் பேசும். ஆச்சியின் கவலை வேறு: "அந்த மனுஷி எப்படிச் சமாளிச்சாளோ, அதை யாரும் கேட்டு எழுதலையே."

பிரானூர், செங்கோட்டை

தென்காசியை நெருங்கும்போது காற்று மாறிவிடும். கணவாய் வழியாக வரும் காற்று அது. வெயில் அடிக்கும்போதே சட்டையில் தூறல் விழும். குற்றாலத்தில் கூட்டம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. பழம் மட்டும் வாங்கிக்கொண்டு மேலே போனோம்.

செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர். இந்த இடத்தை இன்றைக்கும் பார்டர் என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பக்கம் பிரிட்டிஷ் மெட்ராஸ் மாகாணமாகவும் அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானமாகவும் இருந்த காலத்து எல்லை இது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்ததும் எல்லை புளியரைக்கு அந்தப்புறம் நகர்ந்துவிட்டது. பேர் மட்டும் பரோட்டாக் கடைகளோடு இங்கேயே தங்கிவிட்டது. நான் சென்னைக்குப் போனதும் சைவத்தை விட்டவள். பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சொன்னேன். சித்தி பரோட்டாவுக்குச் சீனி தொட்டுக்கொண்டாள். ஆச்சி தன் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கடைகளின் முன்னால் நின்று, மாவை அடித்து விசிறுகிற மாஸ்டரை வேடிக்கை பார்ப்பாளாம். ஒருநாளும் சாப்பிட்டதில்லை. மாவு ஏன் கிழிய மாட்டேன் என்கிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஆச்சியின் ஜாதகத்தில் பிறந்த வருஷம் ‘கொல்லம் 1105, ஆவணி’ என்று இருக்கிறது. கி.பி. 825-ல் தொடங்கும் கணக்கு அது. நம் கணக்குக்கு 1929. திருவிதாங்கூர்ப் பிரஜையாகப் பிறந்தவள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று வாய்ப்பாடு படித்தவள். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். பதினாறு வயதில் வாக்கப்பட்டு இந்தப் பக்கம் வந்ததும் அணா, பைசா. 1957-ல் நயா பைசா. மூன்று கணக்கையும் மனசிலேயே மாற்றிச் சொல்வாள். மாமியார் வீட்டில் அவளிடம்தான் சாவி வந்தது.

1936 நவம்பரில் திருவிதாங்கூர் மகாராஜா எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் வரலாம் என்று பிரகடனம் செய்தபோது அவளுக்கு ஏழு வயது. அதன்பிறகு அவளுடைய அம்மா வெகுநாள் கோயிலுக்குப் போகவில்லை. "நேத்து வரைக்கும் போனியே, சாமி அங்கதானே இருக்கு, ஏன் போகலை?" என்று கேட்டு முதுகில் வாங்கியதை ஆச்சி எண்பது வயதிலும் சொல்வாள். தப்பைத் தட்டிக் கேட்டதாக அவள் சொல்லிக்கொண்டதில்லை. "எனக்கு நெசமாவே புரியலைட்டி," என்பாள்.

அவள் பிறந்த வீடு இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பின்கட்டில் யாரோ குடியிருக்கிறார்கள். முன்கட்டில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. திறந்து கிடந்த ஒரு போனுக்கு மேல் பூதக்கண்ணாடியை வைத்து, ஊசி முனை அகலத்துக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். இது எங்க அம்மா பொறந்த வீடு என்று சொல்லத்தான் சித்தி படியேறினாள். ஏறியவள் சொன்னது வேறு: "தம்பி, இம்புட்டுச் சின்னத்துல கை நடுங்காதா?" மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்கவேண்டும் என்றான். அரைமணி நேரம் கழித்துத்தான் அங்கிருந்து கிளம்பினோம். வீட்டைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

பகவதிபுரம், ஆரியங்காவு, புனலூர்

ஆச்சியின் அப்பாவுக்கு அரிசி, வத்தல் வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்துச் சரக்கு மலையேறிக் கொல்லத்துக்குப் போகும். அங்கிருந்து மிளகும் கொப்பரையும் அண்டிப்பருப்பும் வரும். ஒன்பது வயதில் ஒருதடவை மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறியிருக்கிறார். 1904-ல் திறந்த மீட்டர்கேஜ் பாதை. அந்த ஒரு பயணத்தை ஆச்சி எண்பத்தைந்து வருஷம் சொன்னாள். 2010-ல் அகலப்பாதைக்காக ரயிலை நிறுத்தியபோது வீட்டில் துக்கம் விசாரிக்கும் அளவுக்கு வருத்தப்பட்டாள். 2018-ல் மறுபடி ஓடியபோது அவளால் படியேற முடியவில்லை.

செங்கோட்டையில் நாங்களும் ரயிலேறினோம். முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் தள்ள இன்னோர் எஞ்சின். ஏற்றம் அப்படி. பகவதிபுரம் தாண்டியதும் தென்னையும் வயலும் கீழே இறங்கிப்போய், ஈரமான பாறைச் சுவர் ஜன்னலை உரசுகிற மாதிரி வந்தது. எதிரே துண்டு போட்ட பெரியவர் ஒருவர். முப்பத்துச் சொச்சம் வருஷம் இதே பாதையில் தண்டவாளம் சரிபார்க்கும் கீமேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்குப் புனலூர் போகிறார். நான் ஆச்சியின் நோட்டை எடுத்து அந்தக் கேள்வியைப் படித்துக் காட்டினேன்.

பெரியவர் தோளில் கிடந்த துண்டை மடித்து இருக்கையில் குவித்தார். "இதுதான் மலைன்னு வையுங்க." வெற்றிலைப் பெட்டியிலிருந்து தீக்குச்சிகளை எடுத்தார். ஒன்றை இந்த அடிவாரத்தில் நட்டார், ஒன்றை அந்த அடிவாரத்தில். "முதல்ல மலைக்குள்ள யாரும் போகமாட்டான். மேல ஏறுவான்." துண்டின் முதுகின்மேல் குச்சிகளை வரிசையாகக் குத்திக்கொண்டு போனார். தியோடலைட் என்கிற கருவியால் பார்த்து, மலைக்கு மேலாகவே ஒரு நேர்கோடு போட்டு இரண்டு பக்கத்து வாயையும் இணைப்பார்கள். எந்த வாய் எவ்வளவு உயரம் என்று மட்டம் எடுப்பார்கள். பிறகு வாசலில் தூக்குக்குண்டு கட்டி, மேலே போன அதே கோட்டின் திசையை உள்ளே திருப்புவார்கள். குடையக் குடையப் பின்னால் திரும்பி அந்தக் குண்டுகளைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். "முன்னால பாத்தா இருட்டு. பின்னால பாத்தாத்தான் கோடு தெரியும். ரெண்டு பக்கத்துக்காரனும் அப்படி ஒழுங்காப் பாத்திருந்தான்னா நடுவுல கைகுலுக்கிக்கலாம்."

சொல்லி முடிக்கவும் சுரங்கம் வந்தது. பெட்டிக்குள் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். வெளிச்சம் திரும்பியபோது அவர் குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சித்தி என் கையிலிருந்து நோட்டை வாங்கி, பேனா கேட்டு, அந்த வரியை அடித்தாள்.

ஆரியங்காவில் சாஸ்தா கோயில். மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் வருஷாவருஷம் மார்கழியில் பெண்வீட்டாராக வந்து, தங்கள் குலத்துப் புஷ்கலையை ஐயனுக்குக் கட்டிக்கொடுக்கிற ஊர். ஒரு தெய்வம் மலைக்கு அந்தப் பக்கத்தில் சம்பந்தம் செய்திருக்கிறது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் போகும்போது பாலம் நமக்குத் தெரியாது. கீழே ரோட்டில் போகிறவர்களுக்குத்தான் அந்தக் கல்வளைவுகள் தெரியும். ஆச்சி இதையும் குறையாகச் சொல்வாள். புனலூரில் 1877-ல் கட்டிய தொங்குபாலத்தை நடந்து கடந்தோம். கல்லடை ஆற்றின் மேல் இரண்டு இரும்புச் சங்கிலிகளில் மரப்பலகைப் பாதை தொங்குகிறது. மறுமுனையில் ஏத்தன்பழ பஜ்ஜியும் கட்டன் சாயாவும். நம் பக்கத்தில் வாழைக்காயில் போடுவதை இவர்கள் பழத்தில் போடுகிறார்கள். சித்திக்கு முதல் கடி ஒப்பவில்லை, இரண்டாவதைக் கேட்டு வாங்கினாள்.

கொல்லம்

தங்கசேரிக் கலங்கரை விளக்கத்தை 1902-ல் கட்டினார்கள். ஆச்சியின் அப்பா அவளை இதன் அடியில் நிறுத்திக் கடலைக் காட்டியிருக்கிறார். உள்ளே சின்னப் பெண்ணை விடவில்லை. இப்போது சீட்டு வாங்கினால் யாரும் ஏறலாம். சித்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டே முழுசும் ஏறினாள். மேலே நின்று, விளக்குக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி ஏன் அடுக்கடுக்காக வெட்டியிருக்கிறது என்று அங்கிருந்த ஊழியரைக் கேட்டாள். ஒளியைச் சிதறவிடாமல் ஒரே கற்றையாகச் சேர்த்து அனுப்ப என்றார் அவர்.

மறுநாள் ஊருக்கு வெளியே ஒரு முந்திரித் தொழிற்சாலைக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வேலை விட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸை வாங்கினாள். விரல்கள் ரேகைவரை கறுத்திருந்தன. வறுத்த கொட்டையை ஒவ்வொன்றாக வைத்துத் தட்டி உடைக்கிற வேலை; தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்போம் என்று கையை விரித்துக் காட்டினாள். பருப்பு முழுசாக வந்தால்தான் விலை, அரையாக உடைந்தால் இல்லை. எனவே எவ்வளவு பலமாகத் தட்டவேண்டும் என்பது கைக்குத் தெரியவேண்டும். பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் சித்தியும் அவளும் வெகுநேரம் பேசினார்கள்.

ஆச்சியை எல்லாரும் குழந்தை மனசுக்காரி என்பார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு இப்போது சம்மதமில்லை. ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒருத்தி, போகக்கூடாத இடங்களுக்கும் பேசக்கூடாத ஆட்களிடமும் போகக் கண்டுபிடித்த வழி அது. சாதியையும் மதத்தையும் எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒருவருடைய கைவேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்ட பிறகு, அவரைத் தள்ளி நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. கொள்கை வைத்திருந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் நிறையப் பேர். தண்ணீர் வாங்கிக் குடித்தது அவள்தான்.

டீயை முடித்த அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நிங்ஙளுக்கு எந்தா ஜோலி?"

கம்ப்யூட்டர் வேலை என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. கம்ப்யூட்டரில் என்ன? மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை தேடுவேன் என்றேன். எப்படித் தேடுவாய்? பிழை இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு எத்தனை கிடைத்தால் கூலி? அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். நான் டீக்கடைக்காரரிடம் இன்னும் மூன்று டீ சொல்லிவிட்டு, முந்திரியை வைத்தே விளக்கிப் பார்த்தேன். முழுப்பருப்பு, அரைப்பருப்பு, சொத்தை. அவர்கள் சிரித்தார்கள். சித்தி குறுக்கே வந்தாள்:

"அவ சொல்லுறது வெளங்காது. நீங்க இன்னும் கேளுங்க, அப்பத்தான் அவளுக்கும் வெளங்கும்."